ஆப்பிள் தினம்: இங்கிலாந்தில் இருக்கும் நம் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கென்ட் மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஊர்ப் பழத்தோட்டத்தில் சில வருடங்களாகத் தொண்டு வேலை செய்கிறேன். அக்டோபர் பிறந்தாலே போன் வர ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை ஒரு துண்டுச்சீட்டைக் கொண்டுவந்திருக்கும், 'ஆப்பிள் டே' என்று அதில் போட்டிருக்கும், அம்மாவோ அப்பாவோ என்னைக் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், புதிதாக வேலைக்கு வந்த சென்னை, கோவைப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஆப்பிள் டேன்னா என்ன? சர்ச் திருவிழாவா, இல்ல கம்பெனிக்காரங்க விளம்பரமா?

இரண்டும் இல்லை. மதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. அந்தந்த ஊரில் விளைகிற பழைய நாட்டு ஆப்பிள் ரகங்களை ஊரே கூடி மேசையில் பரப்பி, பார்த்து, தின்று, பேர் தெரிந்துகொள்கிற நாள்.

நூற்றாண்டுப் பழக்கம் போலத் தோன்றும். ஆனால் ஆரம்பித்தது 1990இல்தான். 'காமன் கிரவுண்ட்' என்ற சிறிய தொண்டு அமைப்பு அந்த வருடம் அக்டோபர் 21ஆம் தேதி லண்டன் கோவென்ட் கார்டன் சதுக்கத்தில் முதல் ஆப்பிள் தினத்தை நடத்தியது. சூ கிளிஃபர்ட், ஏஞ்சலா கிங் என்ற இரண்டு பெண்கள்தான் முன்னின்றவர்கள். இடத்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கோவென்ட் கார்டன் பல தலைமுறைகளாக லண்டனின் காய்கனிச் சந்தை. 1974இல் சந்தையைத் தேம்ஸ் நதிக்குத் தெற்கே நைன் எல்ம்ஸ் என்ற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு 16 வருடம் கழித்து அதே கல் தரையில் மறுபடி பழக்கூடைகள் வந்து இறங்கின.

எந்தத் தேதி? 21ன்னு சொல்றீங்க, எங்க ஊர்ல 12ஆம் தேதின்னு போட்டிருக்கே?

அக்டோபர் 21 என்பது அடையாளத் தேதி. அது வார நாளில் விழுந்தால் யார் வருவார்கள்? அதனால் அக்டோபர் முழுக்க, அந்தந்த ஊருக்குத் தோதான சனி, ஞாயிறுகளில் நடத்துகிறார்கள். செப்டம்பர் கடைசியிலேயே முடித்துவிடுகிற ஊரும் உண்டு.

ஊர்ப் பழத்தோட்டத்தில் நடந்தால் பெரும்பாலும் இலவசம், உண்டியல் மாதிரி ஒரு டப்பா இருக்கும். பெரிய பண்ணைகளிலும் பழைய மாளிகைத் தோட்டங்களிலும் நுழைவுக் கட்டணம் இருக்கலாம், முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். அக்டோபர் புல்லில் நடந்தால் காலுறை வரை நனைந்துவிடும்.

ஆப்பிள்தான் வருஷம் முழுக்க டெஸ்கோல கிடைக்குதே அக்கா, இதுக்கு ஒரு பண்டிகை எதுக்கு?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடையில் கிடைப்பது ஆப்பிள்தான், ஆனால் எத்தனை ரகம் என்று எண்ணிப் பாருங்கள். காலா, பிரேபர்ன், பிங்க் லேடி, கிரானி ஸ்மித்... எட்டு, பத்துக்கு மேல் போகாது. காலாவும் பிரேபர்னும் நியூசிலாந்தில் தோன்றியவை, பிங்க் லேடியும் கிரானி ஸ்மித்தும் ஆஸ்திரேலியாவில் தோன்றியவை. இங்கே ஃபாவர்ஷாம் ஊருக்குப் பக்கத்தில் பிராக்டேல் என்ற இடத்தில் தேசியப் பழத் தொகுப்பு இருக்கிறது. அங்கே 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்களை வளர்த்துக் காத்துவருகிறார்கள். 2,000 எங்கே, பத்து எங்கே!

இது தானாக நடந்ததில்லை. 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் பிரான்சிலிருந்து கோல்டன் டெலிஷஸ் மலிவாக வந்து குவிந்தது. ஒரே அளவு, ஒரே நிறம், தோலில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது என்று பெரிய கடைகள் கேட்டன. நாட்டு ரகங்களில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் காய்க்கும், ஒரு வருடம் காய்த்துத் தள்ளிவிட்டு மறு வருடம் ஓய்வெடுக்கும், தோல் சொரசொரவென்று இருக்கும். போட்டி போட முடியவில்லை. பழத்தோட்டத்தை வெட்டி அழித்தால் மானியம் என்ற காலமும் இருந்தது. 1900இலிருந்து கணக்கெடுத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாரம்பரியப் பழத்தோட்டங்களில் 81 சதவீதம் போய்விட்டதாக 2022இல், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு சொன்னது.

நம் ஊரில் மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் தேடி நெல் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே கவலைதான் இங்கேயும்.

போனா அங்க என்னதான் பண்ணுவாங்க? பசங்களுக்குப் போர் அடிக்காதா?

நடுநாயகமாக ஒரு நீள மேசை இருக்கும். வெள்ளைக் காகிதத் தட்டுகளில் ஒவ்வொரு ரகத்துக்கும் நாலைந்து பழம், பக்கத்தில் கையால் எழுதிய பெயர்ச்சீட்டு. இன்னொரு மேசையில் துண்டு போட்டு ருசி பார்க்கக் கொடுப்பார்கள். எக்ரிமண்ட் ரசெட் என்று ஒன்று, சசெக்ஸ் பக்கத்துப் பழம். வெளியே பார்த்தால் உருளைக்கிழங்குத் தோல் மாதிரி பழுப்பாக இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் தயங்குவார்கள். ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள், வேர்க்கடலையை மென்ற பின் நாக்கில் நிற்குமே ஒரு வாசனை, அது இருக்கும். நான் கூட்டிப்போனவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வாங்கிப்போனது அதைத்தான்.

பிள்ளைகளுக்கு வேலை நிறைய. பழம் பிழியும் செக்கில் கைப்பிடி சுற்றலாம், தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிற ஆப்பிளைக் கையைக் கட்டிக்கொண்டு வாயால் கவ்வலாம். தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவுகிற போட்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கத்தியை அழுத்தவே கூடாது, பழத்தைத்தான் சுற்ற வேண்டும். தேங்காய்க்கும் மாங்காய்க்கும் பழகிய கை என்பதால் நம் பெண்கள் இதில் சாதாரணமாக ஜெயிக்கிறார்கள். 1976இல் அமெரிக்காவில் ஒரு பெண் ஒரே ஆப்பிளிலிருந்து 52 மீட்டருக்கு மேல் நீளமான தோலைச் சீவி உலக சாதனை படைத்தார். அதற்குப் பதினொன்றரை மணி நேரம் ஆனது.

பேரெல்லாம் ஏன் இப்படி விசித்திரமா இருக்கு? பிப்பின், காட்லின், ஆட்டு மூக்குன்னெல்லாம் எழுதியிருக்கே?

சில சொற்களுக்கு அர்த்தம் தெரிந்தால் போதும். 'பிப்பின்' என்றால் விதையிலிருந்து முளைத்து வந்த மரம். 'ரசெட்' என்றால் சொரசொரப்பான பழுப்புத் தோல். 'காட்லின்' சமையலுக்கு ஆகிற பழம். 'ஷீப்ஸ் நோஸ்' சாமர்செட் பக்கத்து ஆப்பிள், நிஜமாகவே ஆட்டு மூக்கு மாதிரி கீழே குறுகியிருக்கும். 'காஸ்டர்ட்' என்று இடைக்காலத்தில் ஒரு ரகம் இருந்தது. அதைத் தள்ளுவண்டியில் கூவி விற்றவரைத்தான் ஆங்கிலத்தில் 'காஸ்டர்மாங்கர்' என்றார்கள், பிறகு எந்தத் தெரு வியாபாரிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மற்றபடி ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் ஊரோ ஓர் ஆளோ இருப்பார். காக்ஸஸ் ஆரஞ்ச் பிப்பின், ஸ்லௌ பக்கத்தில் கோல்ன்புரூக்கில் மதுபானத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ரிச்சர்ட் காக்ஸ் 1820களில் விதை போட்டு வளர்த்தது. ஸ்காட்லாந்தில் 'பிளடி பிளௌமன்' என்று கருஞ்சிவப்பான பழம் ஒன்று. மெகிஞ்ச் மாளிகைத் தோட்டத்தில் ஆப்பிள் திருடிய உழவனைக் காவல்காரன் சுட்டுக் கொன்றதாகவும், அவன் பையிலிருந்த பழங்கள் குப்பைமேட்டில் விழுந்து முளைத்ததே இந்த மரம் என்றும் கதை சொல்வார்கள். லெஸ்டர்ஷயரில் 'ஆனி எலிசபெத்' இருக்கிறது. சின்ன வயதில் இறந்துபோன தன் மகளின் பெயரை ஒரு தகப்பன் மரத்துக்கு வைத்தார். அந்தச் சீட்டை வாசிக்கும்போது ஒரு நிமிடம் நின்றுதான் நகர்வேன்.

'குக்கிங் ஆப்பிள்'னு வாங்கி ஒரு கடி கடிச்சேன், பல்லு கூசிடுச்சு. இதை என்னதான் செய்யறது?

நீங்கள் கடித்தது பிராம்லி. அதைப் பச்சையாகத் தின்பதில்லை. புளிப்பு அதிகம், ஆனால் அடுப்பில் வைத்தால் சில நிமிடத்தில் பஞ்சு மாதிரி மசிந்துவிடும். வெள்ளைக்காரர்கள் 'ஆப்பிள் பை', 'கிரம்பிள்' என்ற இனிப்புப் பலகாரங்கள் செய்வது இதில்தான்.

நம் வீட்டுக்கு இதை மாங்காய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பருப்பில் போடலாம், பச்சடி செய்யலாம். ஆனால் தொக்குக்கு இதை மிஞ்ச ஆளில்லை. தோல் சீவித் துருவி, நல்லெண்ணெயில் கடுகு வெடிக்க விட்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்புப் போட்டு வதக்கினால் முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு கொழகொழவென்று வரும். பயந்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள். தீயைக் குறைத்து இன்னும் ஒரு கால் மணி கிளறினால் எண்ணெய் ஓரத்தில் பிரியும். அப்போது வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும். மாங்காய் மணம் வராது, வேறு ஒரு மணம் வரும், தயிர்சாதத்துக்கு அருமை. ஊறுகாய் போடுவதென்றால் மட்டும் கவனம். சூடான எண்ணெயை ஊற்றினால் துண்டுகள் குழைந்துவிடும், ஆற வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

பிராம்லியின் பிறப்பும் நல்ல கதை. 1809இல் நாட்டிங்ஹாம்ஷயர் சௌத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபர்ட் என்ற சிறு பெண் தொட்டியில் சில ஆப்பிள் விதைகளைப் போட்டாள். வளர்ந்த கன்றைத் தோட்டத்தில் நட்டார்கள். பிறகு வீடு கைமாறி 1846இல் மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரரிடம் வந்தது. பத்து வருடம் கழித்து ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றங்கால் குடும்பத்து இளைஞன் வந்து ஒட்டுக்குச்சி கேட்டபோது, எடுத்துக்கொள், ஆனால் பழத்துக்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். விதை போட்ட பிள்ளையின் பெயர் பழத்தில் இல்லை. அதனால் நான் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் அவள் பெயரைச் சொல்லிவிடுவேன்.

எங்கட வீட்டுப் பின்வளவில பழைய அப்பிள் மரம் ஒண்டு நிக்குது. வீடு வாங்கேக்கையே நிண்டது. அது என்ன இனம் எண்டு கண்டுபிடிக்கேலுமோ?

ஏலும். ஆப்பிள் தினத்துக்கு வருவதில் மிகப் பெரிய பயன் இதுதான் என்பேன். பழங்களை அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் அந்த மேசையில் எடுபிடி. ஒரு பழத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். ஒரே மரத்திலிருந்து நல்லதாக நாலைந்து, காம்போடு, முடிந்தால் இரண்டு இலையோடு. கீழே விழுந்து அடிபட்டது வேண்டாம், துடைத்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். மரம் எவ்வளவு பழையது, எப்போது பழுக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

அவர்கள் பார்க்கும் விதமே ஒரு காட்சி. முதலில் பழத்தை மூக்கருகே கொண்டுபோவார்கள். காம்புக் குழி ஆழமா, காம்பு நீளமா, அடியில் பூ உதிர்ந்த 'கண்' திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று விரலால் தடவுவார்கள். அப்புறம் நெடுக்கே ஒரு வெட்டு, விதையறையின் வடிவம், விதையின் நிறம், கடைசியில் ஒரு சின்னக் கடி. போன வருடம் ஒரு மாமி துணிப்பையில் கொண்டுவந்த பெரிய, தட்டையான, ஆரஞ்சு கோடு போட்ட பழத்தை வெட்டாமலே 'பிளெனிம் ஆரஞ்ச்' என்று சொல்லிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் வுட்ஸ்டாக்கில் கிடைத்த ரகம். மாமி அந்த மரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர். மரம் இன்னும் நிற்கிறது.

எல்லாவற்றையும் கண்ணால் கண்டுபிடித்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட மரத்துக்கு இலையை அனுப்பி மரபணுச் சோதனை செய்யலாம். கோடையின் தொடக்கத்தில் இளம் இலையாக அனுப்ப வேண்டும், கட்டணம் உண்டு. உங்கள் மரம் எந்தத் தொகுப்போடும் பொருந்தவில்லை என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். யாரோ தின்று எறிந்த விதையிலிருந்து முளைத்த, உலகத்தில் ஒன்றே ஒன்றான மரமாக அது இருக்கலாம்.

அந்தப் பழத்தோட விதையைப் போட்டா அதே மரம் வந்துடாதா?

வராது. ஆப்பிள் விதை ஒவ்வொன்றும் தாய்மரமும் எங்கிருந்தோ தேனீ கொண்டுவந்த மகரந்தமும் சேர்ந்த புதுப் பிறவி. ஒரே பழத்தின் ஐந்து விதையைப் போட்டால் ஐந்து வேறு மரம் வரும். பெரும்பாலானவை சிறிதாக, புளிப்பாகக் காய்க்கும். லட்சத்தில் ஒன்று பிராம்லி ஆகும்.

ரகத்தை அப்படியே தொடர வேண்டுமானால் ஒட்டுக்கட்ட வேண்டும். நம் ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரிதான். வேர் ஒரு செடியுடையது, மேலே கட்டுகிற குச்சி நமக்கு வேண்டிய மரத்துடையது. அப்படிப் பார்த்தால் உலகத்தில் எங்கே இருக்கிற காக்ஸ் மரமும் கோல்ன்புரூக்கில் முளைத்த அந்த ஒரே மரத்தின் கிளைதான். கையிலிருந்து கைக்கு, கத்தியிலிருந்து கத்திக்கு 200 வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

அப்போ ஒட்டுக்கட்ட ஆள் இல்லைன்னா ரகமே போயிடுமா?

ஆமாம். ஆப்பிள் மரம் நூறு வயதைத் தாண்டி நிற்பது அபூர்வம். கடைசி மரம் சாய்வதற்குள் யாராவது ஒரு குச்சி வெட்டி வேறு வேரில் கட்டவில்லை என்றால் அந்த ரகம் அதோடு சரி. பெயர் மட்டும் பழைய பட்டியல்களில் கிடைக்கும், பழம் கிடைக்காது.

சௌத்வெல்லில் மேரி ஆன் போட்ட அந்த முதல் மரத்தைத் தேன்நிறக் காளான் நோய் பிடித்துவிட்டது. அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதிலிருந்து எடுத்த ஒட்டுகள் நாடு முழுக்க நிற்கின்றன, அதனால் பிராம்லிக்குப் பயமில்லை. வேல்ஸ் கரையோரம் பார்ட்சி என்று ஒரு சின்னத் தீவு. 1990களின் கடைசியில் அங்கே ஒரு வீட்டுச் சுவரோரம், காற்றில் வளைந்து, ஒரே ஒரு மரம் இருந்தது. பிராக்டேலுக்குப் பழத்தை அனுப்பிப் பார்த்தபோது அது எந்த ரகத்தோடும் பொருந்தவில்லை. உடனே ஒட்டெடுத்தார்கள். இன்று பார்ட்சி ஆப்பிள் கன்றை நீங்கள் நாற்றங்காலில் விலைக்கு வாங்கலாம். ஒரு பெரிய புயல் முந்தியிருந்தால் அவ்வளவுதான். முன்னால் சொன்ன அடையாள மேசையின் அவசரம் இப்போது புரியும்.

கீழ விழுந்த பழத்தைக் கொண்டுவந்தா ஜூஸ் பிழிஞ்சு தருவாங்களாமே, குடிக்கலாமா?

பல இடங்களில் பிழிந்து தருகிறார்கள், பாட்டில் நீங்கள் கொண்டுபோக வேண்டும். பழத்தைக் கழுவி, அரைக்கும் இயந்திரத்தில் போட்டுத் துருவலாக்கி, துணியில் கட்டி அடுக்கடுக்காக வைத்து மேலிருந்து திருகுவார்கள். சாறு முதலில் பச்சையாக இறங்கி, டம்ளரில் பிடிப்பதற்குள் டீ நிறத்துக்கு மாறிவிடும். கெட்டுப்போனதில்லை, காற்றுப் பட்டால் அப்படித்தான். 10 கிலோ பழத்துக்கு ஐந்து, ஆறு லிட்டர் வரும். சக்கை பன்றிக்கோ உரக்குழிக்கோ போகும்.

அடிபட்ட பழம் பரவாயில்லை. பூஞ்சணம் பிடித்ததும் அழுகியதும் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் உண்டாகும் பாட்டுலின் என்ற நச்சு சூடு பண்ணினாலும் முழுக்கப் போகாது. ஆடு, மாடு மேய்கிற தோட்டத்தில் தரையில் கிடந்த பழத்தையும் சேர்க்காதீர்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சாத சாறு கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் குடித்துவிடலாம், இல்லையென்றால் பாட்டில் கழுத்தில் இடம் விட்டு ஃப்ரீசரில் வைக்கலாம்.

சைடர்னு ஒரு டம்ளர் நீட்டினாங்க, ஆப்பிள் ஜூஸ்தானேன்னு வாங்கிட்டேன். சாராயமா அது?

ஆமாம், இந்த நாட்டில் சைடர் என்றால் புளிக்க வைத்த மதுதான். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அங்கே அந்தச் சொல் வடிகட்டாத சாற்றைக் குறிக்கும். குடிக்காதவர்கள் 'ஜூஸ்' என்று கேட்டு வாங்குங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஹெரிஃபர்ட்ஷயர், சாமர்செட் பக்கம் போனால் சைடருக்கென்றே தனி ஆப்பிள் ரகங்கள் உண்டு. கடித்தால் பாக்கு மாதிரி வாயை இழுத்துப் பிடிக்கும்.

வாடகை வீடு, சின்ன பால்கனிதான். ஆப்பிள் மரம் வைக்க ஆசை, முடியுமா?

முடியும். மரத்தின் உயரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஒட்டுக்கு அடியில் இருக்கிற வேர்ச்செடி. கென்ட்டில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் இவற்றை வகை பிரித்து எண் கொடுத்தது, உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்கள். எம் 27, எம் 9 இரண்டும் குட்டை, தொட்டிக்கு எம் 26 கூட ஆகும். எம் 25 வாங்கிவிட்டால் அது வீட்டுக் கூரை உயரம் போகும். கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரோடு இந்த எண்ணையும் கேளுங்கள்.

தொட்டி மரத்துக்குக் கோடையில் தண்ணீர் விட மறந்தால் காய் உதிர்ந்துவிடும். வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் இதில் வசதி.

மரம் கொள்ளையாப் பூக்குது, ஒரு காய் கூட நிக்கல. நாலு வருஷமாச்சு. ஏதாவது உரம் போடணுமா?

உரத்தால் தீராது. ஆப்பிளில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தில் காய்க்காது, அதே வாரத்தில் பூக்கிற வேறு ரகம் பக்கத்தில் வேண்டும். நகரத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் ஏதாவது ஒன்று இருக்கும், தேனீ பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டைச் சுற்றி எல்லாம் சிமெண்டு என்றால்தான் சிக்கல். ஒரு காட்டு ஆப்பிள் கன்றைத் தொட்டியில் வைத்தால் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிராம்லி, பிளெனிம் ஆரஞ்ச் இரண்டும் மும்மயம், அதாவது வழக்கமாக இரண்டு தொகுதி இருக்க வேண்டிய குரோமோசோம் மூன்று தொகுதி உள்ளவை. அவற்றின் மகரந்தம் பிறருக்கு உதவாது. அதனால் பிராம்லிக்குத் துணையாக ஒரே ஒரு காக்ஸ் வைத்தால் பிராம்லி காய்க்கும், காக்ஸ் காய்க்காது. காக்ஸுக்கென்று மூன்றாவதாக ஒன்று வேண்டும். இதையெல்லாம் சரி செய்தும் காய்க்கவில்லை என்றால் பூக்கும் நேரத்தில் இரவு உறைபனி விழுந்ததா என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஒரே இரவில் எல்லாம் கருகிப்போவது உண்டு.

பையோட வாங்கிட்டு வந்தோம், பத்து நாள்ல எல்லாம் சொங்கிப் போச்சு. நாட்டு ஆப்பிள் நிக்காதா?

ரகத்தைப் பொறுத்தது. டிஸ்கவரி மாதிரி ஆகஸ்டில் பழுப்பவை ஒரு வாரம் தாங்கினால் அதிகம். பிராம்லி மார்ச் வரை நிற்கும். எசெக்ஸின் டார்சி ஸ்பைஸ் ரகத்தை நவம்பர் 5, கை ஃபாக்ஸ் நாளில் பறிப்பது பழைய வழக்கம், பறித்த பிறகும் மாதக்கணக்கில் வைத்தால்தான் ருசி ஏறும். வாங்கும்போதே 'இப்போது தின்பதா, வைத்துத் தின்பதா' என்று கேட்டுவிடுங்கள்.

வைப்பதானால் அடிபடாத பழமாகப் பொறுக்கி, ஒன்றை ஒன்று தொடாமல், செய்தித்தாளில் சுற்றி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு தடவை கூடையை முகர்ந்து பாருங்கள், ஒன்று அழுக ஆரம்பித்தால் மூக்கு முதலில் சொல்லிவிடும்.

ஊருக்குப் போறப்ப ரெண்டு ஒட்டுக்குச்சி எடுத்துட்டுப் போய் அம்மா தோட்டத்துல வைக்கலாமா?

வேண்டாம். முதல் காரணம் சட்டம். இறக்குமதி அனுமதியும் செடி நலச் சான்றும் இல்லாமல் குச்சி, கன்று, விதை எதையும் இந்தியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. பெட்டியில் ஒளித்துக்கொண்டு போய் ஒரு நோயை அங்கே இறக்கிவிட்டால் காஷ்மீர், இமாசலத் தோட்டக்காரர்கள்தான் அனுபவிப்பார்கள்.

இரண்டாவது, இந்த ரகங்களுக்கு நீண்ட குளிர்காலத் தூக்கம் வேண்டும். போதுமான குளிர் கிடைக்காவிட்டால் மொட்டே சரியாக விடாது. அம்மா தோட்டம் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால் நினைக்கவே வேண்டாம். கொடைக்கானலில் ஆப்பிள் உண்டு, ஆனால் அங்கே நிற்பது பார்லின்ஸ் பியூட்டி மாதிரி குறைந்த குளிரிலேயே காய்க்கிற ரகம். மலையில் இடம் இருந்தால் அங்கேயே கன்று விசாரியுங்கள்.

இது அவங்க பண்டிகை. நாம போய் நின்னா ஒரு மாதிரி பார்ப்பாங்களோ?

இப்படிக் கேட்டவர் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். கூச்சம் நியாயம்தான், முதல் வருடம் நானும் வேலியோரமாகத்தான் நின்றேன். யாரோ கையில் கூடையைக் கொடுத்து 'இதைக் கழுவி வை' என்றார்கள், அதோடு கூச்சம் போயிற்று. வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாது. தட்டு கழுவ, சீட்டு எழுத, கைப்பிடி சுற்ற யார் வந்தாலும் சந்தோஷப்படுவார்கள்.

அதோடு, ஆப்பிளே இங்கே பிறந்ததில்லை. அதன் மூதாதை மரங்கள் கஜகஸ்தான் பக்கத்துத் தியான்ஷான் மலைக்காடுகளில் இன்றும் காடாக நிற்கின்றன. அங்கிருந்து வணிகப் பாதை வழியாக மேற்கே வந்து, இனிப்பான தோட்ட ரகங்கள் ரோமானியர் கையில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தன. போகும்போது ஒரு பாட்டில் பிராம்லி தொக்கும் கொஞ்சம் ரொட்டியும் எடுத்துப்போங்கள். எங்கள் தோட்டத்தில் அதற்கு இப்போது தனித் தட்டும் பெயர்ச்சீட்டும் உண்டு.

அக்டோபர்ல ஊருக்குப் போயிடுவோம். வேற எப்ப வரலாம்?

ஜனவரியில் 'வாஸெய்ல்' என்று ஒன்று நடக்கும். தீப்பந்தத்தோடு தோட்டத்துக்குள் போய், மரத்தின் வேரில் சைடர் ஊற்றி, கிளையில் சைடரில் நனைத்த ரொட்டியைச் செருகி, தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டிச் சத்தம் எழுப்பி நல்ல காய்ப்பு வேண்டும் என்று பாடுவார்கள். சாமர்செட் கார்ஹாம்டனில் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 17ஆம் தேதி செய்வது வழக்கம்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ நடக்கிற ஒட்டுக்கட்டும் நாளுக்கு வாருங்கள். குளிரில் வெட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்த குச்சிகளைப் பரிமாறிக்கொள்வோம். கத்தி நாங்கள் தருவோம். முதல் பத்து வெட்டு வீண் குச்சியில் பழகிக்கொள்ளுங்கள். குச்சியிலும் வேர்ச்செடியிலும் ஒரே சாய்வாக ஒரு வெட்டு, இரண்டின் பச்சைப் பட்டையும் ஒரு பக்கமாவது தொட வேண்டும், காற்றுப் புகாமல் நாடா சுற்ற வேண்டும். பெயரை உடனே எழுதிக் கட்டுங்கள், பிறகு எழுதலாம் என்று வைத்தவர்கள் எல்லோரும் மறந்திருக்கிறார்கள். அந்த மாமி வீட்டுப் பிளெனிமிலிருந்து இந்த வருடம் ஆறு குச்சி கட்டினோம். நாலில் மொட்டு விட்டிருக்கிறது. இரண்டு ஊர்த் தோட்டத்துக்கு, ஒன்று மாமியின் மகள் வீட்டுக்கு. இன்னொன்றுக்கு இன்னும் ஆள் வரவில்லை, இடம் இருப்பவர்கள் கேளுங்கள்.